பேய்க்கணவாய்க்குப் போன பார்சல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் வரவேற்பு விழாவில் என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செம்மண்டலத்திலிருந்து பஸ் ஏறி, ரோடு போடுகிறேன் என்று தோண்டிப் போட்ட பள்ளங்களில் எல்லாம் குலுங்கி வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் என் நேரத்தையும் சேர்த்துப் பேசினார்கள். எனக்கு ஒரு சால்வையைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு வந்த சால்வைகளை ஒட்டித் தைத்தால் நம் கடல் ஆராய்ச்சி நிலையத்துக் கட்டடத்தையே மூடலாம். பேச முடியாததை எழுதித் தாருங்கள் என்று பிறகு போனில் கேட்டார்கள். தலைப்பு, "ஆராய்ச்சியில் நேர்மை".

நேர்மையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கமிட்டியில் பிஸியாக இருப்பதால் என்னிடம் வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தத் தலைப்பில் எழுத வராது. ஒரு சாப்பாட்டுப் பார்சலைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இங்கே மாடல் ஓட்டியவள். மாடல் என்றால் கம்ப்யூட்டருக்குள் ஒரு பிராணியை வளர்ப்பது. அது என்ன சாப்பிடுகிறது, எவ்வளவு வளர்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எப்போது சாகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது. உங்களில் சிலர் இதைப் பெரிய மந்திரம் மாதிரி நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற யாருக்கும் இது புரியும். பிராணியிடம் இருப்பது ஒரு சிலிண்டர். உடம்பு ஓடவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளரவும் அதிலிருந்துதான், பிள்ளை பெறவும் அதிலிருந்துதான். ஒன்றுக்கு ஜாஸ்தி எடுத்தால் இன்னொன்றுக்கு இருக்காது. அவ்வளவுதான் எங்கள் சாஸ்திரம். மற்றதெல்லாம் கிரேக்க எழுத்து.

நாங்கள் வளர்த்தது ஆழ்கடலில் இருக்கும் ஒரு பேய்க்கணவாய். நீங்கள் ஆக்டோபஸ் என்பீர்கள். கரையோரத்துப் பேய்க்கணவாய் சீக்கிரம் வளர்ந்து, ஒரே ஒரு தடவை முட்டையிட்டு, குஞ்சு பொரியும்வரை சில வாரம் காவல் இருந்துவிட்டுச் செத்துப்போகும். ஆழ்கடல்காரிக்கு அத்தனை சீக்கிரம் எதுவும் நடக்காது. கீழே ஐஸ் தண்ணீர். அந்தக் குளிரில் முட்டை பொரிய வருடக்கணக்காகும். அத்தனை காலமும் அவள் பாறையில் ஒட்டிக்கொண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பாள். வெளிநாட்டுக்காரர்கள் கேமரா இறக்கிப் படம் பிடித்திருக்கிறார்கள். பக்கத்தில் நண்டு நடந்துபோனால்கூட அதைத் தள்ளிவிடுகிறாளே தவிரத் தின்பதில்லை.

எங்கள் தலைவர் கரையோரத்துப் பேய்க்கணவாய்க்கு மாடல் போட்டுப் பேர் வாங்கியவர். அதையே எடுத்துக் குளிருக்கு ஏற்றபடி திருத்தி ஆழ்கடல்காரிக்கு மாட்டினோம். ஓட்டிப் பார்த்தால், முட்டை பொரிவதற்கு வெகு காலம் முன்னாலேயே தாய் செத்துவிட்டாள். மறுபடி ஓட்டினோம். மறுபடியும் செத்தாள். லேபில் எல்லார் முகமும் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

இப்படி ஒரு மாடல் பொய்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கே தப்பான அனுமானம் வைத்தோம் என்று தேட வேண்டும். நாங்கள் தேடவில்லை. தலைவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா இது, பிள்ளத்தாச்சிய பட்டினி போட்டு வெச்சிருக்கீங்க?"

"அவ சாப்பிட மாட்டா சார். படத்துல பார்த்தோமே."

"கேமரா இருக்கறப்ப சாப்பிட மாட்டா. கேமரா போனப்புறம் சாப்பிட மாட்டான்னு யாரு கண்டா? எந்த ஊர்லம்மா பிள்ள பெத்தவ பட்டினி கெடப்பா?"

இதைக் கேட்டதும் லேபே உருகிவிட்டது. கம்மாபுரத்திலிருந்து வந்த டெக்னீஷியன், தன் அக்கா பிரசவத்துக்கு எத்தனை கருவாடு எந்தெந்தப் பக்குவத்தில் போனது என்று சொன்னார். பூண்டுக் குழம்பைப் பற்றி ஒருவர் பேசினார். முடிவில் மாடலில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அவ்வப்போது கொஞ்சம் ஆகாரம் போய்ச் சேரும். அறிக்கையில் அதற்கு "சந்தர்ப்பவச உணவேற்பு" என்று கம்பீரமாகப் பேர் வைத்தார் தலைவர். லேபில் அதன் பேர் பார்சல்.

உலகத்தில் வேறெந்த லேபிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். வேறு ஊர்க்காரர்கள் எத்தனையோ காரணத்துக்காக மாடலைத் திருகியிருப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு கொடுக்காமல் இருக்க மனசு வராமல் திருகியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பார்சல் போனதும் தாய் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தது மட்டுமா, பெருத்தாள். குஞ்சு பொரித்து அனுப்பிவிட்டு இன்னொரு தடவை முட்டையிட்டாள். அப்புறம் இன்னொரு தடவை. கோடுகள் எல்லாம் வழுவழுவென்று மேலே போயின. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தலைவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், "கோடு அழகா வந்தா சந்தேகப்படும்மா" என்பது. அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அது அவருக்கு வசதிப்படவில்லை.

வசதிப்படாததற்குக் காரணம் இருந்தது. சென்னையிலிருந்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனி வந்திருந்தது. நம் கடலில் ஆழத்துப் பாறைச் சரிவுகளில் வலை போட்டால் கிழிந்துவிடும் என்று யாரும் போவதில்லை. அங்கே கூண்டு இறக்கிப் பேய்க்கணவாய் பிடிக்கலாம் என்பது கம்பெனியின் யோசனை. எவ்வளவு பிடித்தால் இனம் அழியாது என்று எங்கள் மாடல் சொல்ல வேண்டும். பார்சல் சாப்பிட்ட தாய் மறுபடி மறுபடி பெற்றுத் தள்ளியதால், மாடல் "தாராளமாகப் பிடி" என்றது. கம்பெனிக்கு மகிழ்ச்சி. குளிர்ந்த தண்ணீரில் பிராணிகளை உயிரோடு வைத்துப் பார்க்கும் ஒரு பெரிய தொட்டியைக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். தலைவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட தொட்டி அது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரை எதிர்ப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் ரஹ்மத் வருகிறாள். எங்கள் ஸ்காலர். பரங்கிப்பேட்டைப் பெண். கணவர் ஷார்ஜாவில். ஆழ்கடல்காரியின் இனப்பெருக்கம்தான் அவள் பிஎச்.டி. அவளுக்குப் பதிவுக் காலம் முடியப் போகிறது, வயிற்றில் பிள்ளையும் இருக்கிறது. பிரசவத்துக்காக எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். தலைவர் கையெழுத்துப் போட்டால் படிப்பு பிழைக்கும். போடாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் போனதுதான், வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வளர்க்க வேண்டியதுதான்.

"ரூல்ஸ்ல இடம் இல்லம்மா" என்றார் தலைவர்.

ரூல்ஸில் இடம் இருந்தது. நானே எடுத்துக் காட்டினேன். அப்படியா, பார்க்கலாம், கம்பெனி மீட்டிங் முடியட்டும் என்றார். கடலுக்கடியில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்காக உருகிய அதே மனிதர், எதிர் நாற்காலியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் ரூல்ஸ் பேசினார். அதில் இருக்கிற கோணல் அவருக்குத் தெரியவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் ரஹ்மத் மாடலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்த லைன் எதுக்கு?"

"அது பார்சல்."

"யாருக்கு?"

"தாய்க்கு."

"அவ்ளோ ஆழத்துல யாரு மேடம் கொண்டு போயி குடுக்கறா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேமராப் படங்களை வரிசையாகத் திறந்து காட்டினாள். ஒரே தாய், வருடம் போகப் போக எடுத்த படங்கள். முதல் படத்தில் கொழுகொழுவென்று நல்ல நிறமாக இருந்தவள், கடைசிப் படத்தில் வெளுத்துச் சுருங்கி, கண் மங்கி, தோல் தொங்கிப்போய் இருந்தாள். எங்கள் மாடலில் இருப்பவளோ அதே காலத்தில் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"பார்சல் போனா இவ ஏன் மேடம் இப்படி ஆவுறா?"

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எடுத்தாள். தாய் பழையபடி அல்பாயுசில் செத்தாள். அதோடு விட்டிருந்தால் தலைவர் சொன்னதே சரி என்று ஆகியிருக்கும். இவள் விடவில்லை. எங்கள் அனுமானங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்க ஆரம்பித்தாள். நாங்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. குளிருக்காகக் கொஞ்சம் குறைத்திருந்தோமே தவிர, வேட்டையாடுகிறவளுக்கும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கும் உடம்பு ஓட ஒரே செலவு என்று வைத்திருந்தோம். அங்கேதான் தப்பு இருந்தது.

"இவ வேட்டைக்கி போவல, நீந்தல, செரிக்கறதுக்கும் வயித்துல ஒண்ணும் இல்ல. அடுப்ப சிம்ல வெச்சுட்டா மேடம். சிலிண்டர் அதே சிலிண்டர்தான்."

சிம்மில் வைத்து ஓட்டினோம். தாய் சாகவில்லை. தன் சதையையே கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டு, சுருங்கிக்கொண்டே போய், குஞ்சு பொரியும்வரை தாக்குப் பிடித்தாள். பொரிந்ததும் செத்தாள். படத்தில் இருந்தவளும் மாடலில் இருந்தவளும் முதல் தடவையாக ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ரஹ்மத் மட்டும் அடுத்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பிடிக்கலாம் என்கிற கோடு. அது தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

காரணம் சுலபம். மெதுவாக, வருடக்கணக்கில் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பெறுகிறவள் அவள். முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறவளை ஒரு கூண்டு இடித்துத் தள்ளினால், அவள் அத்தனை காலம் காத்த குடும்பம் மொத்தமும் போயிற்று. அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. தாராளமாகப் பிடி என்பதற்கு இங்கே இடமே இல்லை.

தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். பொறுமையாகப் பார்த்தார். நல்லா பண்ணியிருக்கம்மா என்று பாராட்டினார். பிறகு, இது இன்னும் பழுக்கணும், கடலூர் மீட்டிங்ல பழைய ரன்னையே காட்டிடலாம் என்றார்.

"பழைய ரன்ல பார்சல் இருக்கு சார்" என்றாள் ரஹ்மத்.

"மீட்டிங் நல்லபடியா முடியட்டும்மா. உன் ஃபைல் எங்க போயிடப் போவுது? என் டேபிள்லதான இருக்கு."

அவர் மிரட்டினார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. குரலில் அத்தனை பரிவு இருந்தது. வெளியே வந்ததும் நான் அவளிடம் சொன்னேன்: "ரெண்டு ரன்னும் ஓட்டி எடுத்துட்டு வரேன். எதக் காட்டணும்னு நீ சொல்லு. கம்ப்யூட்டர் என் கையிலதான் இருக்கும்." அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். வீட்ல கேட்டுச் சொல்றேன் மேடம் என்றாள். மறுநாள் கேட்டேன். ஷார்ஜாவுக்குப் பேசினாளாம். "நீ படிச்சவ, எனக்கு இன்னா தெரியும், ஆனா பொய்க்கு கையெழுத்து வாங்காத" என்றாராம் அவர்.

கடலூரில் ஓர் அலுவலக ஹாலில் மீட்டிங். ஜீப்பில் போனோம். தோண்டிப் போட்ட ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரஹ்மத் பல்லைக் கடித்துக்கொண்டாள். தலைவர் முன்சீட்டில் கம்பெனி மேனேஜரோடு போனில் இருந்தார். ஹாலில் கம்பெனிக்காரர்கள், அதிகாரிகள், படகுக்காரர் சங்கத்துப் பெரியவர்கள், பிறகு மாடலைச் சரிபார்ப்பதற்கென்று வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர். காலையில் வரவேற்புரை, முன்னுரை, சிறப்புரை, குத்துவிளக்கு. எங்கள் விஷயம் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது.

பகல் சாப்பாடு வந்தது. ஹோட்டலிலிருந்து பார்சல்.

நான் பொய் சொல்லவில்லை, பார்சல்தான். சம்பா சாதம், கொத்சு, பொரியல், தயிர்சாதம் எல்லாம் தனித்தனி டப்பாவில். எங்கள் அலுவலக உதவியாளர் விருந்தினர்களுக்கு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். எங்கள் வரிசை வந்ததும் நின்றுவிட்டார். தலைவர் தூரத்திலிருந்தே கை காட்டினார்.

"கெஸ்டுக்கு மட்டும்தாம்மா சொன்னோம். நீங்கள்லாம் வெளிய பாத்துக்கங்க."

ஒரு பிராணியின் உடம்பில் ஆகாரம் எங்கெங்கே போகிறது என்று ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டவர், ஒரு ஜீப்பில் வந்தவர்களுக்குச் சாப்பாடு சொல்ல மறந்துவிட்டார். நான் படியிறங்கி ஓடினேன். பக்கத்தில் டீக்கடை மட்டும்தான். பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் விருந்தினர்களுக்கு நேரமில்லை, சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம் என்று ரஹ்மத்தை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் பன்னை மேஜையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவது ரன் போடுங்க மேடம்."

போட்டேன்.

ஹாலில் டப்பா திறக்கிற சத்தம். அதற்கு நடுவே அவள் பேசினாள். தாய் எப்படி உட்கார்கிறாள், எப்படிச் சுருங்குகிறாள், எப்போது சாகிறாள் என்று நிதானமாகச் சொன்னாள். கடைசியில் தரையில் படுத்திருந்த அந்தக் கோட்டைக் காட்டினாள். கம்பெனி மேனேஜர் கொத்சில் விட்ட கையை எடுக்கவில்லை. தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

தலைவர் சமாளிக்கத் தெரிந்தவர். சிரித்துக்கொண்டே, ஹாலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏம்மா, பிள்ளத்தாச்சிய இப்படி ஈவு எரக்கமில்லாம பட்டினி போடலாமா? எங்க மாடல்ல நாங்க அவளுக்கு சாப்பாடு குடுத்தோம். ஒனக்கு மனசு வரலியா?"

ஹால் சிரித்தது. ரஹ்மத் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"குடுக்கலாம் சார். பார்சல் வந்திருந்தா அவளும் தின்னிருப்பா. அவ்ளோ ஆழத்துல கொண்டாந்து குடுக்க ஆள் இல்ல சார்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். "மேல இருக்கற எனக்கே வரல."

சிரிப்பு அப்படியே நின்றது. அப்போதுதான் ஹாலில் இருந்தவர்கள் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

வெளியூர் நிபுணர் தன் டப்பாவை மூடிவைத்தார். "எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. மொதல்ல அவுங்க சாப்பிடட்டும்" என்றார். தலைவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. இன்னும் பிரிக்காத தன் பார்சலை எடுத்துக்கொண்டு மேடைவரை அவரே நடந்து வந்து, அவள் முன்னால் வைத்தார்.

வேறு யாராவதாக இருந்தால் வேண்டாம் சார், பரவாயில்லை சார் என்று நெளிந்திருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் நெளிந்திருப்பேன். ரஹ்மத் உட்கார்ந்தாள். பிஸ்மில்லா சொல்லிப் பார்சலைப் பிரித்தாள். சம்பா சாதத்தில் ஆரம்பித்துத் தயிர்சாதம்வரை அவசரப்படாமல் சாப்பிட்டாள். ஓர் ஏற்றுமதிக் கம்பெனியும், அதிகாரிகளும், படகுக்காரர் சங்கமும், எங்கள் தலைவரும் அவள் கை கழுவும்வரை காத்திருந்தார்கள். என் பணிக்காலத்தில் நான் பார்த்த மிக நல்ல மீட்டிங் அதுதான்.

பிறகு நிபுணர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் சொன்னாள். கூண்டு இறக்கும் யோசனையைக் கம்பெனி ஓரங்கட்டியது. தொட்டி வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை, உங்களுக்கு அந்த வருத்தம் இருந்தால் நான் பொறுப்பில்லை. திரும்பும் வழியில் தலைவர் முன்சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் எக்ஸ்டென்ஷன் ஃபைல் கையெழுத்தோடு என் மேஜையில் இருந்தது. என் மேஜையில் ஏன் வைத்தார் என்று கேட்காதீர்கள். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும். பிள்ளை பிறந்த பிறகு அவள் டாக்டர் ஆனாள். அவள் வைவாவில் வந்திருந்த எல்லாருக்கும் அவள் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ஒருவரும் விட்டுப்போகவில்லை, வாட்ச்மேன் உட்பட.

மாடலை நீங்கள் இனிமேல் திறப்பீர்கள். இனப்பெருக்கம் பகுதியில் பாதி வழியில் ஒரு வரி ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் "பார்சல்" என்று நான்தான் எழுதி வைத்தேன். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிடாதீர்கள். மீட்டிங் நெருங்கும், தொட்டி வேண்டியிருக்கும், மேலே இருக்கிறவர் பரிவாகப் பேசுவார், அந்த வரியை மறுபடி ஓட விட்டால் என்ன என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றும். அன்றைக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் இருக்கிறவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.